ஐரோப்பாவில் மணி அடித்தது

நான் விண்வெளிக் கொள்கை நிபுணர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடிக்க வழியில்லை. போர்ட் பிளேயரில் கல்லூரி வாத்தியார், குடியிருப்பு குட்வில் எஸ்டேட். முனைவர் பட்டத்துக்கு நான் எழுதியது ஐரோப்பியப் பாதுகாப்பில் விண்வெளிக் கொள்கையின் பங்கு பற்றி. அந்த ஆய்வேட்டைப் படித்தவர்கள் மூன்று பேர்: நெறியாளர், தட்டச்சு செய்துகொடுத்தவர், நான். இதில் நான் முழுதாகப் படிக்கவில்லை.

பலமாக நாலு தூறல் போட்டால் நெட் போய்விடுகிற ஊரில் உட்கார்ந்து, இன்னொரு கண்டத்தின் செயற்கைக்கோள்களை அக்கறையோடு ஆராய்ந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதனாலேயோ என்னவோ, பிரஸ்ஸல்ஸில் நடக்கும் கருத்தரங்கு ஒன்றில் 'தீவுகளிலிருந்து ஒரு குரல்' என்று எனக்கு எட்டு நிமிடம் ஒதுக்கி அழைப்பு வந்தது.

"எட்டு நிமிஷத்துக்கா இவ்வளவு பெரிய கோட்டு?" என்று கேட்டாள் என் மனைவி. கோட்டு கடன் வாங்கியது. கொடுத்தவர் என்னைவிட இரண்டு மடங்கு அகலம்.

நான் கிளம்பும் செய்தி எப்படியோ எங்கள் அந்தமானிலேயே வடக்கே இருக்கும் லாங் ஐலண்டுக்குப் போய்விட்டது. பரமேஸ்வரி போன் செய்தார். "சார், ஐரோப்பா போறீங்களாமே. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ இங்க வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

பரமேஸ்வரியின் கணவர் முருகேசன் மீன் பிடிக்கப் போனவர். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலையில் தன் டோங்கியில் தனியாகப் போனார். டோங்கி என்பது எங்கள் தீவுகளில் சின்ன மோட்டார் படகுக்குப் பெயர். நாலாம் நாள் டோங்கி கவிழ்ந்து மிதந்துவந்தது. முருகேசன் வரவில்லை. அது நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எனக்கும் அவர்களுக்கும் பழக்கமானது ஒரு பொத்தானால். உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சு நிறக் கருவி அது. கடலில் ஆபத்து என்றால் பொத்தானை அமுக்க வேண்டும். சத்தமில்லாமல் ஒரு சமிக்ஞை வானத்துக்குப் போகும். செயற்கைக்கோள் அதைப் பிடித்துத் தரைக்குச் சொல்லும். ஐரோப்பியச் செயற்கைக்கோள்களில் ஒரு விசேஷம் உண்டு. அவை பதிலும் அனுப்பும். பதில் வந்ததும் கருவியில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரியும். 'கேட்டுவிட்டோம்' என்று அர்த்தம்.

ஐரோப்பியத் தொண்டு அமைப்பு ஒன்று லாங் ஐலண்ட் மீனவர்களுக்கு இந்தக் கருவிகளை இலவசமாகக் கொடுத்தது. விளக்கிச் சொல்ல முகாம் நடத்தினார்கள். தமிழும் இந்தியும் பேசத் தெரிந்த, ஐரோப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரு ஆள் வேண்டுமென்று தேடினார்கள். தீவுகளில் அப்படி ஒரே ஒரு அப்பாவிதான் இருந்தான்.

பரமேஸ்வரி கூப்பிட்டபடி லாங் ஐலண்டுக்குக் கிளம்பினேன். ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய கப்பல் எட்டு மணிக்கும் ஜெட்டி என்கிற கப்பல்துறையிலேயே நின்றது. எப்போது கிளம்பும் என்று கப்பல்காரரைக் கேட்டேன். அவர் இந்தியில் சொன்னதன் சாரம்: "கப்பல் கண்டிப்பாகப் போகும். ஆனால் அதை அவசரப்படுத்தினால் அதற்குப் பிடிக்காது." கப்பலுக்கு உள்ள சுயமரியாதை எனக்கு வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன பூரியையும் உருளைக்கிழங்கையும் தின்றேன்.

பக்கத்தில் ரங்கத் போகும் வங்காளி அம்மாள் ஒருவர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவரும் இந்தியில்தான் பேசினார். "அடுத்த வாரம் ஏதோ ராக்கெட் விடுகிறார்களாம். கடலை மூடுகிறார்கள். மீன் வேண்டுமானால் இப்போதே வாங்கிச் சாப்பிட்டுக்கொள்." சோதனைக்காக ஏவுகணை விடும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் வானத்தையும் கடலையும் சேர்த்து மூடுவார்கள். நான் இருநூறு பக்கம் எழுதியதை அவர் ஒரு கூடைக்குள் அடக்கி வைத்திருந்தார்.

லாங் ஐலண்டில் பரமேஸ்வரியின் வீடு ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் தந்தார். அவருடைய அப்பா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். சம்பல் அந்த வழியில் வந்தது. "மீன் வைக்கிறதில்ல சார் இப்ப," என்றார். நான் சம்பலைப் புகழ ஆரம்பித்தேன். சங்கடம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"உங்க பேச்சுன்னா அவருக்கு உசிரு சார்," என்றார் பரமேஸ்வரி. "அந்த மணி அடிக்கிற கதைய வீட்டுக்கு யாரு வந்தாலும் சொல்லுவாரு. நம்ம தெலுங்குக்காரங்க வந்தா இந்தியில சொல்லுவாரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரே சிரிச்சிருவாரு."

அந்தக் கதை இதுதான். முகாமில் அதிகாரி ஒருவர் என் காதில், "வீணாக யாரும் அமுக்கிவிடாமல் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், பொய் அழைப்பு வந்தால் எல்லாருக்கும் தலைவலி," என்றார். நான் மேடையேறி அழுத்திச் சொன்னேன். "இத அமுக்கினா மொதல்ல ஐரோப்பாவுல மணி அடிக்கும். தூங்கிட்டிருக்கிற ஒரு தொரை எந்திரிச்சு, கோட்டு மாட்டி, டை கட்டி, 'யாருப்பா லாங் ஐலண்டுல? இஞ்சின் மக்கர் பண்ணுதா? ஸ்பேனர் எடுத்துட்டு வரவா?'ன்னு கேப்பான். பாவம், வயசான தொரை. சும்மா சும்மா எழுப்பாதீங்க. கை பட்டு அமுங்கிருச்சா? அவன் டை கட்டறதுக்குள்ள பட்டுனு ஆஃப் பண்ணிருங்க!" கூட்டம் தரையில் விழுந்து சிரித்தது. முன்வரிசையில் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தவர் முருகேசன்.

நான் எழுதியதைப் படித்தது மூன்றே பேர்; பேசியதை ஒரு தீவே மனப்பாடம் செய்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்: அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

பரமேஸ்வரி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். கருவி வந்த பெட்டி. மூடியில் நீளமாக ஒரு எண். "அங்க இதெல்லாம் எழுதி வச்சிருப்பாங்கல்ல? அவரு அமுக்கினாரா, அமுக்கலையான்னு கேளுங்க. அமுக்கியிருந்தா அந்த நீல லைட்டு எரிஞ்சுதான்னு கேளுங்க. அவ்வளவுதான் சார்."

"எரிஞ்சிருந்தா?"

"எரிஞ்சிருந்தா, யாரோ கேட்டுட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல. ஒண்டியா இருந்திருக்க மாட்டாரு."

மூடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பை வைத்து ஒருத்தர் ஒரு காரியம் கேட்டிருக்கிறார்.

பிரஸ்ஸல்ஸில் இறங்கிய நாள் மழை. எங்கள் ஊர் மழைக்குக் கோபம் உண்டு, அழுகை உண்டு, அடித்துவிட்டுப் போய்விடும். இந்த மழை ஆபீஸ் குமாஸ்தா மாதிரி நாள் முழுக்க ஒரே வேகத்தில் வேலை பார்த்தது. பெட்டியைத் திறந்தால் மனைவி கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்து, கடன் கோட்டின் இடப்பக்கம் முழுக்க எண்ணெய். அடுத்த மூன்று நாளும் ஐரோப்பியப் பாதுகாப்பு அரங்கில் நான் உட்கார்ந்த பக்கமெல்லாம் பெருங்காயம் மணந்தது. நாய் வைத்து மோப்பம் பிடித்திருந்தால் நேராக என்னிடம்தான் வந்திருக்கும்.

மறுநாள் காலை டிராம் ஏறினேன். அது எதிர்த்திசையில் போகிறது என்பது கடைசி நிறுத்தத்தில் தெரிந்தது. எதிர்த்திசை டிராமுக்குக் காத்திருந்தால், சற்று முன்பிருந்து வேலைநிறுத்தமாம். அறிவிப்பைப் படித்துச் சொன்ன கிழவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கே எல்லாம் ஓடும். இன்றைக்கு மட்டும் ஓடாது." எனக்கு ஜெட்டி நினைவு வந்து கொஞ்சம் தெம்பாக இருந்தது. காகிதக் கூம்பில் வறுத்த உருளைக்கிழங்கு வாங்கித் தின்றபடி நடந்தேன். மேலே வெள்ளையாக ஏதோ ஊற்றித் தந்தார்கள். தயிர் என்று நம்பி வாயில் போட்டது என் தவறு.

கருத்தரங்கில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஐரோப்பாவின் கிழக்கு எல்லை நாடு ஒன்றிலிருந்து வந்த ஒரு வழுக்கைத்தலை மனிதர் பேசினார். அவர்கள் பக்கம் பறக்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞை அடிக்கடி காணாமல் போகிறதாம். யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள். கப்பல்கள் வரைபடத்தில் நிலத்தின் மேல் நிற்கின்றனவாம். "நம் படைக்கு வழிகாட்டுவது வானம். ஆம்புலன்ஸுக்கும் வானம், வங்கிக்கு மணி சொல்வதும் வானம். அந்த வானத்தில் பாதி நமதில்லை," என்றார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, காகிதத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒருநாள் நாங்கள் ஆபத்து என்று அழைப்போம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் பதில் சொல்வாரா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அட்டை மூடி இருந்தது. ஒரு கண்டமே கோட்டு போட்டு உட்கார்ந்து, பரமேஸ்வரி கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

காபி இடைவேளையில் எனக்குப் பின்னால் இருவர் பேசியது காதில் விழுந்தது. "கண் இருக்கிறது, காது இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கிறோம். கைதான் இல்லை." இன்னொருவர், "கை வாங்க வேண்டுமென்றால் காதை விற்க வேண்டும்," என்றார். போர் பக்கத்தில் வந்துவிட்டதால் இனி அரசுகளும் படைகளும் மட்டும் பயன்படுத்தும் பூட்டிய அலைவரிசைக்குத்தான் முன்னுரிமை, அந்தப் பொத்தான் மாதிரி எல்லாருக்கும் திறந்த சேவைகள் தங்கள் பயனை நிரூபிக்க வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து.

என் எட்டு நிமிடம் ஐந்தாகச் சுருங்கியது. எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். மணி அடிக்கும் கதையைச் சொன்னேன். டை கட்டும் துரை வந்ததும் அரங்கம் முதல் முறையாகச் சிரித்தது. வழுக்கைத்தலை மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாங் ஐலண்டில் எடுபட்டது பிரஸ்ஸல்ஸிலும் எடுபடுகிறதே என்று பூரித்துப்போய் இறங்கினேன்.

சிரிக்காத ஒரு பெண்மணி வாசலில் காத்திருந்தார். நரைத்த குட்டை முடி, பெயர் எல்கே. பதில் அனுப்பும் சேவையில் வேலை பார்ப்பவர்.

"அணைத்துவிடச் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

"அது நகைச்சுவைக்காக..."

"அணைத்துவிடச் சொன்னீர்களா?"

"கை தவறி அமுங்கினால்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. பரமேஸ்வரி கேட்டதைச் சொல்லி மூடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நாளை வாருங்கள் என்றார்.

மறுநாள். வேலைநிறுத்தம் தொடர்ந்ததால் நடந்தே போனேன். எல்கேயின் அலுவலகத்தில் முதலில் கேட்டது, "மணி இருக்கிறதா?" என்றுதான். என்ன செய்ய, நாக்கு அப்படிப் பழகிவிட்டது. "இல்லை," என்றார். "திரையில் ஒரு வரி நிறம் மாறும்." மூடியைத் திருப்பித் தந்து, தாளாக எதையும் தர முடியாது, படித்துக் காட்டுகிறேன் என்றார்.

முருகேசன் அமுக்கியிருக்கிறார். காலை பத்து மணி வாக்கில். கருவி இதயம் மாதிரி, முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் ஒவ்வொரு துடிப்பாக அனுப்பும். மூன்று துடிப்பு வந்திருக்கிறது. இருக்கும் இடத்தைக் கருவி கண்டுபிடித்து அனுப்புவதற்குள் நின்றுவிட்டது. நிற்கவில்லை; நிறுத்தப்பட்டது.

"தண்ணீர் புகுந்து நின்றிருக்கலாமே?" என்றேன்.

எல்கே அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி இரண்டு துடிப்பு. மறுபடி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"மீட்பு மையத்தில் இருந்தவர்கள், யாரோ கருவியைச் சும்மா அமுக்கிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஆபத்தில் இருப்பவர் இப்படி இரண்டு முறை அணைக்க மாட்டார். பதிவில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். தொடர்பு கிடைக்கவில்லை." எண்ணைப் படித்தார். முருகேசனின் சொந்த எண். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊரில் எந்தப் படிவத்தில் போன் நம்பர் கேட்டாலும் கை தானாகச் சொந்த நம்பரை எழுதும். முகாமில் படிவங்களைச் சரிபார்த்து வாங்கியவன் நான்தான். தண்ணீரில் கிடந்தவரையே கூப்பிட்டு, நீங்கள் நலமா என்று கேட்கப் பார்த்திருக்கிறார்கள்.

"பதில்?" என்றேன்.

"இரண்டு முறையும் போயிருக்கிறது. பதில் போய்ச் சேரப் பத்து நிமிடம் வரை ஆகும். போன நேரத்தில் அந்தப் பக்கம் கருவி அணைந்திருந்தது."

விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு எல்கே சொன்னார். "இந்தப் பதில் சேவை வேண்டுமா என்று ஆரம்பத்தில் பெரிய சண்டை. மீட்புக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்றார்கள். படகு ஒன்றும் வேகமாகப் போகாது. வேண்டும் என்றவர்கள் ஒரே ஒரு காரணம் சொன்னார்கள். தன்னைக் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்த மனிதன் கருவியை அணைக்க மாட்டான். அவ்வளவுதான் அந்தக் கொள்கை."

அந்தக் காரணம் என் ஆய்வேட்டில் இருக்கிறது. ஊருக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். நாலாம் அத்தியாயம். நானே எழுதியது. நான் படிக்காத பக்கங்களில் அதுவும் ஒன்று.

திரும்பும் வழி நெடுக, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பொய்கள் சேர்த்தேன். பேட்டரி. உப்புத் தண்ணீர். மேகம். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எந்தப் பொய் வாயில் நன்றாக உட்காருகிறது என்று பேசிப் பார்த்தேன். மேடைப் பேச்சாளன் அல்லவா. ஒவ்வொன்றும் பிரமாதமாக வந்தது.

லாங் ஐலண்ட் கப்பல் அன்றைக்கு, வேண்டுமென்றே செய்ததுபோல, சரியான நேரத்துக்குக் கிளம்பி சரியான நேரத்துக்குச் சேர்ந்தது. ஜெட்டியில் இறங்கும்போது போன். பழைய முகாமை நடத்தியவர். "சார், அடுத்த மாசம் ரங்கத் பக்கம் ஒரு கேம்ப் இருக்கு. நீங்கதான் வரணும். அந்த மணி ஜோக்க மறந்துராதீங்க சார், ஜனங்க இன்னும் அதத்தான் சொல்லிட்டிருக்காங்க!" நல்லவர். ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பரமேஸ்வரி வாசலுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "அமுக்கினாரா சார்?"

"அமுக்கினார். ரெண்டு தடவை."

"லைட்டு எரிஞ்சுதா?"

"பதில் வர்றதுக்குள்ள அணைச்சுட்டார். ரெண்டு தடவையும்."

"ஏன் அணைச்சாரு?"

பேட்டரி, உப்புத் தண்ணீர், மேகம் மூன்றும் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. "நான் சொன்னதாலதான்," என்றேன்.

பரமேஸ்வரி என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அது எனக்கு வேண்டியிருந்தது. அவர் உதடு லேசாக விரிந்தது. "தொரைய எழுப்பிரக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு," என்றார், முருகேசன் இப்போதுதான் அந்தக் கதையைச் சொல்லி முடித்த மாதிரி. பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"எம்புட்டு நேரம் பொறுத்திருக்கணும்?"

"பத்து நிமிஷம். அத நான் கேம்ப்ல சொல்லவேயில்ல."

உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். சுவரில் பிளாஸ்டிக் கடிகாரம் இருந்தது. "இருங்க சார்," என்றார். "அது எம்புட்டு நேரம்னு பாக்கணும்."

நேரத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டில் யாரோ இந்தியில் கோழியைத் திட்டினார்கள். ஒரு டோங்கி இஞ்சின் தூரத்தில் இருமிவிட்டு ஓடியது. பேச எனக்கு எத்தனையோ வந்தது. என் ஆயுளில் விழித்திருக்கும்போது பத்து நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. பெரிய முள் இரண்டு எண்களைத் தாண்ட ஒரு யுகம் ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுகிற நேரம்தான்.

முள் வந்து சேர்ந்ததும் பரமேஸ்வரி எழுந்து, அட்டைப் பெட்டியின் மூடியை என்னிடமிருந்து வாங்கி, பெட்டியில் பொருத்தி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இருந்திருப்பாரு சார்," என்றார், என் பக்கம் திரும்பாமல். "இருன்னு யாராவது சொல்லியிருந்தா இருந்திருப்பாரு."